எதையும் கழுவ வேண்டாம்

கோபாலபுரம்,
3-2-1974

அன்புள்ள சுருளி,

உன் கடிதம் வந்தது. சீமைக்குத் திரும்பிப் போன துரை விட்டுச்சென்ற கண்ணாடித் தகட்டுக் கேமராவை நீ வாங்கியதில் எனக்கு வியப்பில்லை. அதற்கான தகடுகள் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதை வாங்கிய பிறகு விசாரித்தாய் என்பதிலும் வியப்பில்லை. கோயமுத்தூரில் இன்டர்மீடியட் படிக்கும்போதே, ரயில் போன பிறகு கால அட்டவணையைப் பார்க்கிறவன் நீ. உன்னோடு ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

தகட்டை நாமே பூசிக்கொள்ளலாம். கடினமில்லை; பொறுமை வேண்டும். அது உன்னிடம் இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி இளக்கு. பொட்டாசியம் புரோமைடை அதில் கரை. வெள்ளி நைட்ரேட் புட்டியைத் திறக்கும் நொடியிலிருந்து சிவப்பு விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கூடாது. அந்தக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கண்ணாடிக் கம்பியால் கலக்கு. பால்போல வெளுக்கும். அதைத்தான் பால்மம் என்கிறோம். மிதமான சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்து, குளிரவிட்டு உறைய வை. உறைந்ததைச் சிறு துண்டுகளாக்கி, குளிர்ந்த நீரில் பலமுறை அலசி, வேண்டாத உப்பை வெளியேற்று. மறுபடி இளக்கி, மட்டம் பார்த்துப் போட்ட கல்லின் மேல் கண்ணாடியை வைத்து, நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிடு. ஐந்தாவதாக உன் சட்டைக் கைக்கு ஓடாமல் பார்த்துக்கொள். இங்கே மாசி பிறக்கும் முன்பே ஜெலட்டின் உறைய மறுக்கிறது. அந்த வகையில் ஏலப்பாறைக் குளிர் உன் அதிர்ஷ்டம்.

காய்ந்த பிறகு, படம் எடுக்கும் முன், ஒரு தகட்டைக் கேமராவில் போடாமலே டெவலப் செய்து பார். தெளிவாக வந்தால் உன் இருட்டறை இருட்டறைதான். கறுத்தால் எங்கோ வெளிச்சம் புகுகிறது.

கண்ணாடிக்குக் கவலைப்படாதே. கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் நான் எடுத்த நெகட்டிவ் தகடுகள் பன்னிரண்டு ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. பழைய படலத்தைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் நல்ல கண்ணாடி மிஞ்சும். ஏலப்பாறைக்குத் தேங்காய் ஏற்றிவரும் லாரியில் டிரைவர் சின்னமுத்து கொண்டுவந்து தருவான்.

ஒரு நிபந்தனை. எதையும் கழுவுவதற்கு முன், பன்னிரண்டையும் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி அனுப்பு. என் பதில் வரும்வரை ஒன்றைக்கூடத் தண்ணீரில் இறக்காதே. அந்தப் பெட்டியை நான் திறந்து வெகுகாலம் ஆகிறது. இப்போதும் திறக்காமலே அனுப்புகிறேன்.

உன்,
பொங்கியண்ணன்

•

ஏலப்பாறை,
18-2-1974

அன்புள்ள பொங்கியண்ணனுக்கு,

உன் சீடன் தகடு பூசிவிட்டான். கேமராவும் வேலை செய்கிறது. கூட ஒரு பேயும் வந்து சேர்ந்திருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் குழம்பு (நீ பால்மம் என்றுதான் சொல்வாய், எனக்குக் குழம்புதான்) கருகிப்போனது. இரண்டாவது உறையவே இல்லை. மூன்றாவது, போன வாரம் புதன்கிழமை, தயிர்போல உறைந்து நின்றது. துண்டாக்க என்ன வழி என்று யோசித்து அழகுத்தாயின் மர இடியாப்ப உரலில் போட்டுப் பிழிந்தேன். அருமையாக வந்தது. வெள்ளி நைட்ரேட் பட்டு உரல் இப்போது கரிக்கட்டை நிறம். "இடியாப்பம் கேட்டு என் முன்னால வந்து நில்லுங்க, அப்ப இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள். என் விரல்களும் கறுத்துவிட்டன. தொழிற்சாலையில் நான் கையில் எடுத்துப் பார்த்த தேயிலையை முகர்வதற்கே ஆட்கள் தயங்குகிறார்கள். தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீ மேக்கருக்கு இது நல்ல பெயரில்லை.

பட்டியல் அனுப்பவில்லை என்று கோபிக்காதே. குழம்பு இளகி அடுப்பில் இருக்கும்போது, தபால் போய்த் திரும்பப் பத்து நாள் ஆகும் என்றால் அது காத்திருக்குமா? அவசரமாகப் பார்த்தேன். ஒரு பாலம், ஒரு மாடு, யாரோ கோட்டுப் போட்ட வாத்தியார். மிச்சமெல்லாம் புகை பிடித்த மாதிரி, எது என்னவென்றே தெரியவில்லை. பதினொன்றைச் சோடாவில் போட்டுச் சுரண்டிவிட்டேன். கடைசியாக எடுத்த ஒன்று வெறும் கண்ணாடி. சிவப்பு விளக்கில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. வேலை மிச்சம் என்று துடைத்துவிட்டுக் குழம்பை ஊற்றினேன்.

காயவைக்க ஒரு தேயிலைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பதால் வெளிச்சம் புகாது என்று நினைத்தேன். நீ சொன்னபடி ஒரு தகட்டைக் கேமராவில் போடாமலே டெவலப் செய்தேன். நடுவில் வட்டமாகக் கறுப்பு. வட்டத்துக்குள் ஒரு முகம் மாதிரி, இரண்டு கண் மாதிரி. அழகுத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "துரை போனாரு, அவரு பேயை விட்டுட்டுப் போயிட்டாரு" என்று திருநீறு எடுக்க ஓடினாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பக்கத்தில் ஓர் ஆணி ஓட்டை. ஜன்னலைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்கிறது?

மற்ற தகடுகளில் கொழுந்து பறிக்கிற பெண்களை எடுத்திருக்கிறேன். மூன்று நன்றாக வந்திருக்கின்றன. அடுத்த தடவை காகிதத்தில் படி எடுத்து அனுப்புகிறேன்.

நாச்சம்மாளைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சுருளிவேல்

•

கோபாலபுரம்,
23-2-1974

திரு. சுருளிவேல் அவர்களுக்கு,

தங்கள் 18-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. மிகுந்த உற்சாகத்தோடு எழுதப்பட்டிருந்தது. அந்த உற்சாகத்தின் விலையைத் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று என் மகள் பூவாத்தாள்.

1951-ஆம் ஆண்டு. அவளுக்கு மூன்று வயது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து நான் எடுத்தது. வெளிச்சம் போதவில்லை, தகட்டில் படம் மிகவும் மங்கலாக, மெலிவாக வந்தது. படம் எடுத்த பதினெட்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. இவ்வளவு மெலிந்த தகட்டிலிருந்து படி எடுக்க முடியாது என்று நாச்சம்மாளிடம் சொன்னேன். முயன்றிருந்தால் முடிந்திருக்கும். நான் முயலவில்லை. அதன் பிறகு கேமராவையும் தொடவில்லை. இதெல்லாம் தங்களுக்குத் தேவையில்லாத விவரம்.

தங்களுக்குத் தேவையான விவரம் ஒன்றே. நான் ஒரு நிபந்தனை விதித்தேன். அது மூன்று வாக்கியம். அதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. காரணம் சொல்லாத நிபந்தனையை மதிப்பதற்குத்தான் நட்பு என்று ஒன்று இருப்பதாக நான் எண்ணியிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக அப்படித் தவறாக எண்ணியிருக்கிறேன்.

பெட்டி லாரியில் ஏறிய மறுநாள் நாச்சம்மாள் என் எதிரில் வந்து நின்றாள். "ஏனுங்க, பூவாத்தா படம் அந்தப் பொட்டிக்குள்ளதானுங்க இருந்துச்சு? அவ மொகம் எனக்கு மறந்து போச்சுங்க. கண்ணாடியவாச்சும் ஒருக்கா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கறனுங்க" என்றாள். இருபத்துமூன்று ஆண்டுகளில் அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை. நண்பனிடம் பத்திரமாக இருக்கிறது, பட்டியல் வந்ததும் வரவழைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பட்டியலுக்குப் பதில் தங்கள் கடிதம் வந்தது. அதை இன்னும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

கண்ணாடிகள் பன்னிரண்டும் எனக்குத் திரும்ப வேண்டும். தங்கள் பூச்சின் சுவடு ஒரு மூலையில்கூட இல்லாதபடி கழுவி அனுப்புங்கள். அவள் இருந்த கண்ணாடி எதுவென்று இனித் தெரியப்போவதில்லை. பன்னிரண்டும் இந்த வீட்டில் இருக்கட்டும். அவற்றின் மேல் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அதற்குப் பிறகு கடிதம் வேண்டாம். இந்தப் பக்கம் வர நேர்ந்தால் என் வாசலுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
ச. பொங்கியண்ணன்

•

ஏலப்பாறை,
4-3-1974

பொங்கியண்ணனுக்கு,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

நாலு நாள் பேனாவை எடுக்கவே முடியவில்லை. தொழிற்சாலையில் ஒரு நாள் இலையை அதிகம் வாடவிட்டு ஒரு தொட்டி இலை முழுக்கப் பாழாகிவிட்டது. உதவி மானேஜர் சின்னத்துரை கேட்டார், உடம்பு சரியில்லை என்றேன்.

பூவாத்தாளை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. பழனிக்குப் போய்விட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். என் காதைப் பிடித்து, சாவி திருகுகிற மாதிரித் திருகினாள். வலித்தது. அந்தக் காதைத்தான் இந்த நாலு நாளாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

செய்தது தப்பு. உன் பேச்சை மீறியது தப்பு. அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். "அதில் குழந்தை இருக்கிறாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், குழம்பு என்ன, தொழிற்சாலையே பற்றி எரிந்தாலும் அந்தப் பெட்டியை இறக்கி வைத்திருப்பேனா? மூன்று வாக்கியத்தில் நிபந்தனை எழுதத் தெரிந்த உனக்கு அந்த ஒரு வரி எழுத வரவில்லை. என்னைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு, எதைப் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை.

போகட்டும். நீ கேட்டபடி செய்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, எனக்கு வேலை இல்லை. அன்று பன்னிரண்டையும் சோடாவில் ஊறவைத்து, என் கையாலேயே சுரண்டி, துணியில் சுற்றி அனுப்புகிறேன். கொழுந்து பறிக்கிற பெண்கள், பேய் எல்லாம் அதோடு போய்விடும். பேய்க் கண்ணாடியை மட்டும் தன் அண்டாவில் கழுவக் கூடாது என்கிறாள் அழகுத்தாய். "எம் புள்ளைக குளிக்கிற அண்டா. அதுலயா பேயை ஊறப்போடுவீக?" என்கிறாள். அதற்கு வேறு வாளி தேடவேண்டும்.

நாச்சம்மாளிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லாதே. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

சுருளிவேல்

•

தந்தி
8-3-1974

பெறுநர்: சுருளிவேல், டீ மேக்கர், ஏலப்பாறை

எதையும் கழுவ வேண்டாம். பேய்க் கண்ணாடியைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். கடிதம் பின்னால்.
பொங்கியண்ணன்

•

கோபாலபுரம்,
8-3-1974

திரு. சுருளிவேல் அவர்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். கிடைக்கவில்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பொருளே இல்லை. ஞாயிறு முடிந்த பிறகுதான் இது தங்கள் கைக்கு வரும்.

தங்கள் கடிதம் இன்று காலை வந்தது. அதற்குக் கடைசியாக ஒரு பதில் எழுதி இந்தக் கணக்கை முடித்துவிட எண்ணினேன். தங்கள் அலட்சியத்தைத் தங்கள் சொற்களாலேயே மெய்ப்பிக்க வேண்டும் என்பதற்காக 18-ஆம் தேதிக் கடிதத்தைத் தேடி எடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு இடங்களில் கை நின்றுவிட்டது.

"கடைசியாக எடுத்த ஒன்று வெறும் கண்ணாடி" என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெட்டியில் வெறும் கண்ணாடி எதையும் நான் வைக்கவில்லை. பன்னிரண்டும் எடுத்து முடித்த நெகட்டிவ்கள். ஆனால் மிகவும் மெலிந்த ஒரு தகடு சிவப்பு விளக்கில் வெறும் கண்ணாடியாகத்தான் தெரியும். அதைத் தாங்கள் சுரண்டவில்லை, துடைத்தீர்கள். காய்ந்த படலம் துடைத்தால் போகாது.

இரண்டாவது, கேமராவையே காணாத தகட்டில் ஒரு முகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் பதில் இருக்கிறது. வெளியிலிருந்து வராத முகம் தகட்டிலேயே இருந்திருக்க வேண்டும். மெலிந்த நெகட்டிவின் மறுபக்கத்தில் தாங்கள் பால்மத்தை ஊற்றியிருந்தால், ஆணி ஓட்டை வழியே வந்த ஒளி பழைய படத்துக்குள் நுழைந்து, கண்ணாடியைக் கடந்து, புதிய பூச்சில் அதன் படியைப் பதித்திருக்கும். ஒளி ஒரே புள்ளியிலிருந்து வந்ததால் அது தெளிவாகவே விழுந்திருக்கும்.

இது அனுமானம். நான் எதையும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தகடு இன்னும் இருக்குமானால், காய்ந்த நிலையில், விரல் நுனியை நாக்கில் நனைத்து ஒரு மூலையில் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். இரு பக்கமும் பிசுபிசுத்தால் இரு பக்கமும் ஜெலட்டின் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் எதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சுவடில்லாமல் கழுவி அனுப்பச் சொன்னது நான். தந்தி தாமதமாகியிருந்தால், முதல் தடவை எது நடந்திருந்தாலும், இரண்டாவது தடவை அவளைக் கழுவச் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். ஞாயிறு கழியும்வரை எனக்கு இதுதான் நினைப்பு.

பொங்கியண்ணன்

•

கோபாலபுரம் செக்போஸ்ட்,
சூசையப்பன் டீக்கடை,
15-3-1974

பொங்கியண்ணனுக்கு,

பென்சிலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். கடையில் இதுதான் இருந்தது.

தந்தி சனிக்கிழமை மாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வேலையை முடித்துவிடுவோம் என்று அன்று மத்தியானமே அண்டாவில் சோடாவைப் போட்டுவிட்டேன். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும். பதினொன்று வெந்நீருக்குள் போயாகிவிட்டது. தந்தியைப் படித்ததும் அண்டாவுக்கு ஓடினேன். அழகுத்தாய் வந்து, "என்ன, யாரும் போயிட்டாகளா?" என்றாள். "பேய்க் கண்ணாடி எங்கே?" என்றேன். "அதைத்தான் அண்டாவுல போட வேணாம்னு சொன்னேன்ல, மாட்டுக் கொட்டாயில வச்சிருக்கேன்" என்றாள். வைக்கோலுக்குள் சாக்குத் துணியில் சுற்றிச் சொருகியிருந்தாள், மேலே வேப்பிலை வேறு.

உன் கடிதம் வந்ததும் விரலை நனைத்து மூலையில் தொட்டேன். இரு பக்கமும் ஒட்டியது. மறுநாள் காலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீயே பார்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஓட்டைத் தேயிலைப் பெட்டியை அறுத்துச் சின்னதாக ஒரு பெட்டி செய்து, பஞ்சு வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி. எத்தனை பஸ் மாறினேன் என்று கணக்கில்லை. ஒரு நிமிடம்கூடக் கீழே வைக்கவில்லை.

இங்கே செக்போஸ்டில் இறக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு அரிசி கடத்துகிறேன் என்று நினைத்துவிட்டார் காவலர். "துறக்கு, துறக்கு" என்று மலையாளத்தில் திறக்கச் சொன்னார். பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து ஆகாயத்துக்கு நேராகப் பிடித்தார். எனக்கு உயிரே இல்லை. "இது ஆரு?" என்றார். "இந்த ஊர்ப் பிள்ளைதான் சார், வீட்டுக்குத் திரும்பிப் போறா" என்றேன். அவர் நான் வைத்ததைவிட நன்றாகப் பஞ்சு வைத்து மூடிக் கொடுத்தார்.

உன் வாசலுக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதை நீ இன்னும் திருப்பி வாங்கவில்லை. ஒரு நிபந்தனையை மீறி நான் பட்டது போதும். பெட்டியையும் இந்தக் கடிதத்தையும் சூசையப்பனிடம் கொடுக்கிறேன். சாயங்காலம் நீ பேப்பர் படிக்க இங்கே வருவாய் என்றார். ஐந்து மணி பொள்ளாச்சி பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

சுருளிவேல்

•

கோபாலபுரம்,
17-3-1974

சுருளி,

நூற்றைம்பது மைலுக்கு மேல் ஒரு கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்து, கடைசி அரை மைல் நடக்காமல் திரும்பிப் போனவனை என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பொருத்தமான சொல் அகராதியில் இல்லை. நான் கடைக்கு வந்தபோது உன் பஸ் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் மீறுகிறாய். மீற வேண்டிய இடத்தில் கீழ்ப்படிகிறாய். இதற்கு மேல் இதில் எழுதினால் எனக்குத்தான் அவமானம் என்பதால் நிறுத்துகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கடன்பட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு வரவில்லை. பெட்டியை நான் திறக்க முடியாமல்தான் உன்னைத் திறக்கவைத்தேன். நீ பார்த்து, "ஜன்னலோரம் ஒரு குழந்தை" என்று எழுதினால், நான் படித்துக்கொள்வேன் என்று இருந்தேன். என் கோழைத்தனத்தை உன் தலையில் ஏற்றிவிட்டு, உன் அவசரத்துக்கு மட்டும் தண்டனை கொடுத்தேன்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நாச்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படி எடுக்க முடியாது என்று அன்று நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. "அது எனக்குத் தெரியுமுங்க" என்றாள், அவ்வளவுதான். வெளிச்சம் நன்றாக இருந்த நேரத்தில் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவளே வாங்கிக்கொண்டாள்.

உன் பூச்சு ஓரங்களில் சுருங்கியிருக்கிறது. ஒரு மூலையில் திட்டாக இருக்கிறது. உன் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருக்கிறது. நடுவில், அந்த வட்டத்துக்குள், அவள் இருக்கிறாள். வலது கை மட்டும் அசைந்து கலங்கியிருக்கிறது. அசையாமல் இரு, அசையாமல் இரு என்று நான் அதட்டிக்கொண்டே இருந்தேன். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாச்சம்மாள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அப்பனாட்டவே மொறைச்சுட்டு உக்காந்திருக்கறா பாருங்க" என்றாள்.

சிரித்தாள், சுருளி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். நான் போய்ச் சுவர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உண்மைதான்.

அதன் பிறகு அவளுக்கு என் மேல் கோபம். "அந்தண்ணன் இத்தன தூரம் கொண்டாந்து குடுத்துப்போட்டு ஒருவாய்த் தண்ணி குடிக்காமப் போயிருக்கறாரு. வாசல மிதிக்காதீன்னு எழுதுவீங்களாமா? இது என்ர ஊடு, நான் எழுதலீங்களே" என்றாள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிய பிறகு பேசுவதாக ஒப்பந்தம்.

பூச்சை எடுத்துவிட்டு நெகட்டிவைத் தனியாக்கலாமா என்று நீ யோசிப்பாய். வேண்டாம். இருபத்துமூன்று ஆண்டுகளாக நான் எடுக்காத படியை உன் ஆணி ஓட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறது. இரு பக்கமும் அப்படியே இருக்கட்டும். உன் கட்டைவிரலும் இருக்கட்டும்.

அழகுத்தாயை அழைத்துக்கொண்டு சித்திரை பிறப்பதற்குள் வா. அவளுக்கு ஒரு புதிய இடியாப்ப உரல் வாங்கி வைத்திருக்கிறேன். வேப்பிலை வைத்ததற்கு நாச்சம்மாள் தனியாக ஏதோ எடுத்து வைத்திருக்கிறாள். கேமராவையும் கொண்டு வா. நாச்சம்மாளை ஒரு படம் எடுக்க வேண்டும். வெளிச்சத்தை இந்தத் தடவை நான் சரியாகப் பார்க்கிறேன்.

தகடுகளைப் புதிய பெட்டியில் காயவை. வைக்கும் முன் நான்கு பக்கமும் ஆணி ஓட்டை இருக்கிறதா என்று பார். இருந்தால் மெழுகு வைத்து அடைத்துவிடு. ஒரு தடவைக்கு அது போதும்.

உன்,
பொங்கியண்ணன்